அரண்மனைச் சிறாரின் ஓவியர்

நுழையும்முன்

தொலைநாட்டில் வளரும் ஒரு குழந்தையின் முகத்தை இன்று நொடிப்பொழுதில் கண்டுவிடுகிறோம். ஒளிப்படம் தோன்றுவதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் அதற்கு ஓவியம் ஒன்றே வழி. பதினேழாம் நூற்றாண்டின் ஐரோப்பிய அரச குடும்பங்களில் பெண்கேட்பும் மணஉறுதியும் பெரும்பாலும் ஓவியங்களின் துணைகொண்டே நிகழ்ந்தன. வளரும் இளவரசியின் முகத்தை மெய்யாகக் காட்டுவதா, விரும்பியவாறு அழகாக்கிக் காட்டுவதா என்னும் கேள்வி, அத்தகைய ஓவியத்தைத் தீட்டுவோர் ஒவ்வொருவர் முன்னும் நின்றது. மெய்யாகவே காட்டத் துணிந்த ஒருவரின் வாழ்க்கை இப்பாடம்.

செவில் நகரத்து மாணவர்

ஸ்பெயின் நாட்டின் தென்பகுதியில் குவாதல்கிவிர் ஆற்றங்கரையில் அமைந்தது செவில் நகரம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வெள்ளியும் பொன்னும் ஏற்றிவந்த கப்பல்கள் அந்நாளில் இந்நகரையே வந்தடைந்தன. அந்நகரில் 1599-ஆம் ஆண்டு பிறந்தவர் டியேகோ வெலாஸ்கெஸ். தந்தையின் குடும்பம் போர்ச்சுகலிலிருந்து வந்தது. வெலாஸ்கெஸ் என்பது தாய்வழிப் பெயர். தாயின் குடும்பப் பெயரைத் தாங்கும் வழக்கம் அப்பகுதியில் இருந்தது. அப்பெயராலேயே உலகம் அவரை அறிகிறது.

பதினொரு வயது அளவில் பிரான்சிஸ்கோ பச்செக்கோ என்னும் ஓவியரிடம் மாணவராகச் சேர்க்கப்பட்டார். ஆறாண்டுகள் ஆசிரியர் இல்லத்திலேயே தங்கிக் கற்பதென ஒப்பந்தம் எழுதப்பட்டது. பச்செக்கோ ஓவியராகப் பெரும்புகழ் பெற்றவர் அல்லர், ஆனால் நல்லாசிரியர். கற்றறிந்தோரும் கவிஞரும் அவர் இல்லத்தில் கூடிப் பேசுவர். அத்தகைய பேச்சைக் கேட்டு வளர்வதும் ஒரு கல்வியே. தம்மினும் மாணவர் உயர்ந்துவிட்டார் என்பதைக் கண்டு பொறாமை கொள்ளாது, அதனைத் தம் நூலில் பெருமையுடன் எழுதிவைத்த பண்பாளர் அவர். வெலாஸ்கெஸின் இளமைக்காலத்தைப் பற்றி நாம் அறிந்தவற்றுள் பெரும்பகுதி அந்நூல் தந்ததே.

அந்நூல் தரும் செய்திகளுள் ஒன்று இப்பாடத்திற்கு அடிப்படையானது. மாணவராக இருந்த காலத்தில் வெலாஸ்கெஸ், நாட்டுப்புறச் சிறுவன் ஒருவனுக்குக் கைக்கூலி கொடுத்துத் தம் முன் அமர்த்திக்கொள்வார். அச்சிறுவன் சிரிப்பான்; அழுவான்; பலவகையாக உடலைத் திருப்பி நிற்பான். எந்த நிலையையும் கடினமென்று ஒதுக்காமல் அவர் வரைவார். நீலத்தாளில் கரிக்கோலால் வரைந்து, ஒளிபடும் இடங்களில் வெண்மை தீட்டுவார். இவ்வாறு எண்ணற்ற தலைகளை வரைந்து வரைந்தே உருவ ஓவியத்தில் பிழையற்ற கைவன்மை பெற்றார் என்று ஆசிரியர் குறிக்கிறார்.

சிரிப்பையும் அழுகையையும் வரைதல் எளிதன்று. வாயின் ஓரங்கள் உயர்ந்தால் மட்டும் சிரிப்பாகிவிடாது. கன்னத்தசை மேலெழ வேண்டும். கீழிமை சற்றே குவிய வேண்டும். சிறுவர் முகத்திலோ எலும்பின் கோடுகள் வெளித்தோன்றுவதில்லை. முதியோர் முகத்தில் சுருக்கங்கள் ஓவியருக்கு வழிகாட்டும். சிறுவர் முகத்தில் பற்றிக்கொள்ள ஒரு கோடும் இராது. ஒளியும் நிழலும் ஒன்றில் ஒன்று கரையும் மென்மையைக் கொண்டே அம்முகத்தை அமைத்தாக வேண்டும். நிழல் சிறிது கூடினாலும் குழந்தை முதியவராகிவிடும். ஊதியம் பெற்று அழுது காட்டிய அந்தச் சிறுவனே வெலாஸ்கெஸின் இரண்டாவது ஆசிரியர் எனலாம்.

1617-ஆம் ஆண்டு ஓவியர் குழுவின் தேர்வில் தேறித் தனித்துத் தொழில்செய்யும் உரிமை பெற்றார். அடுத்த ஆண்டு ஆசிரியரின் மகள் ஹுவானாவை மணந்தார். அக்காலத்து ஓவியர்கள் பெரும்பாலும் சமயக் காட்சிகளையே தீட்டினர். வெலாஸ்கெஸோ அடுக்களையையும் தெருவையும் நோக்கினார். முட்டை பொரிக்கும் மூதாட்டியைக் காட்டும் ஓவியம் 1618-ஆம் ஆண்டினது. மட்பாண்டத்தில் வெள்ளைக்கரு உறையத் தொடங்கும் கணம் அதில் நிற்கிறது. பக்கத்தில் முலாம்பழத்தை ஏந்திய சிறுவன் ஒருவன். மற்றோர் ஓவியத்தில் தெருவில் நீர் விற்கும் முதியவர், அத்திப்பழம் இட்ட கண்ணாடிக் குவளையைச் சிறுவன் ஒருவனிடம் நீட்டுகிறார். இரண்டிலும் காணும் சிறுவன் முகம் ஒன்றே போலத் தோன்றுகிறது. அவன் பெயரை எவரும் எழுதிவைக்கவில்லை. அம்முகங்களோ எடின்பரோவிலும் இலண்டனிலும் இன்றும் உள்ளன.

அரண்மனை வாயில்

1621-இல் பதினாறு வயது நிறையும் தறுவாயில் அரியணை ஏறினார் நான்காம் பிலிப். ஆட்சியின் கடிவாளம் ஒலிவாரெஸ் என்னும் அமைச்சர் கையில் இருந்தது. அவர் செவில் நகரோடு தொடர்புடைய குடும்பத்தினர். ஆகவே அந்நகரத்துத் திறமையாளருக்கு மாட்ரிட் வாயில் திறந்திருந்தது. வெலாஸ்கெஸ் 1622-இல் ஒருமுறை சென்று, அரசரைத் தீட்ட வாய்ப்பின்றித் திரும்பினார். மறு ஆண்டு அழைப்பு வந்தது. தங்கியிருந்த இல்லத்தின் தலைவரான பொன்செக்கா என்னும் அரண்மனைக் குருவின் உருவத்தை அவர் தீட்டினார். அன்றிரவே அவ்வோவியம் அரண்மனைக்கு எடுத்துச் செல்லப்பட்டது. ஒரு மணி நேரத்திற்குள் அரசர் உட்பட அனைவரும் அதனைக் கண்டனர். தொடர்ந்து அரசரையே தீட்டும் ஆணை பிறந்தது. 1623-ஆம் ஆண்டு அக்டோபரில், மாதம் 20 துக்காத்து ஊதியத்தில் அரண்மனை ஓவியரானார். அப்போது அவருக்கு அகவை 24; அரசருக்கு 18.

அன்று தொடங்கிய உறவு 37 ஆண்டுகள் நீடித்தது. ஓவியரின் பணியறைக்கு அரசர் அடிக்கடி வந்து அமர்ந்திருப்பார். அதற்கெனத் தனி நாற்காலி அங்கே இடப்பட்டிருந்தது. அரண்மனையில் ஏற்கெனவே இருந்த ஓவியர்கள், வெலாஸ்கெஸுக்குத் தலை வரைய மட்டுமே தெரியும் என்று இகழ்ந்தனர். 1627-இல் நடந்த போட்டியில் பெரிய வரலாற்றுக் காட்சி ஒன்றைத் தீட்டி அவர்களை வென்றார். அவ்வெற்றி ஓவியம் பின்னாளில் தீக்கு இரையாயிற்று. அவர்கள் இகழ்ந்த தலைகளே எஞ்சி நிற்கின்றன.

1628-இல் பிளாண்டர்சு நாட்டின் பேரோவியர் ரூபன்ஸ் மாட்ரிட் வந்தார். இருவரும் ஒன்றாக அரசரின் ஓவியத் தொகுப்பைக் கண்டு மகிழ்ந்தனர். மறு ஆண்டு வெலாஸ்கெஸ் இத்தாலிக்குப் பயணமானார். வெனிசிலும் உரோமிலும் பழம்பெரும் ஓவியங்களைப் படியெடுத்துப் பயின்றார்.

நிற்கக் கற்ற இளவரசர்

1631-இல் அவர் திரும்பியபோது அரண்மனையில் ஒரு புதிய முகம் இருந்தது. அவர் இல்லாத காலத்தில் பிறந்த இளவரசர் பால்தசார் கார்லோஸ், அரியணைக்குரிய ஒரே ஆண்மகவு. இடைப்பட்ட காலத்தில் தம்மைத் தீட்ட வேறு எவருக்கும் அரசர் இடந்தரவில்லை. இளவரசரைத் தீட்டும் பணியும் வெலாஸ்கெஸுக்காகவே காத்திருந்தது.

இரண்டு வயது கடந்த குழந்தையை எவ்வாறு தீட்டுவது? முன்னைய அரண்மனை ஓவியர்கள் குழந்தைகளைச் சிறிய பெரியவர்களாகவே தீட்டிவந்தனர். வெலாஸ்கெஸும் அரச மரபை மீறவில்லை. இளவரசரின் கையில் தளபதிக்குரிய கோல் உண்டு. இடையில் வாள் உண்டு. மார்பில் செந்நிறப் பட்டை உண்டு. ஆயினும் முகம் குழந்தை முகமே. மென்மயிர் நெற்றியில் படிந்திருக்கிறது. அகன்று விழித்த கண்களில், அசையாமல் நிற்கும்படி பணிக்கப்பட்ட ஒரு மழலையின் முயற்சி தெரிகிறது. முன்புறத்தில் குள்ள உருவம் கொண்ட ஒரு சிறார், கிலுகிலுப்பையும் ஆப்பிளும் ஏந்தித் தலையைத் திருப்பி நடக்கிறார். அரசக் கோலும் மணியுருண்டையும் ஏந்த வேண்டிய கைகளின் நிழல்போல அவை அமைந்துள்ளன. விளையாட்டுப் பொருள் ஒருவர் கையில், ஆட்சிப் பொருள் மற்றவர் கையில். விளையாடும் வயதோ இருவருக்கும் உரியது. இவ்வோவியம் இன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உள்ளது.

ஏறத்தாழ ஐந்து வயதில் இளவரசர் குதிரைமேல் பாயும் கோலத்தில் தீட்டப்பட்டார். அரண்மனை மண்டபத்தின் வாயிற்கதவுக்கு மேலே மாட்டுவதற்காக அமைந்த ஓவியம் அது. கீழிருந்து அண்ணாந்து நோக்குவோர் கண்ணுக்கு ஏற்ப வரைந்தமையால், நேர்நின்று பார்ப்போருக்குக் குதிரையின் வயிறு மிகையாகப் பருத்துத் தோன்றும். ஓவியம் எங்கு மாட்டப்படும், யார் எங்கு நின்று காண்பர் என்பதையெல்லாம் கருதியே அவர் தூரிகை எடுத்தார். ஆறு வயதில் வேட்டைக் கோலம். பக்கத்தில் நாய்கள் படுத்திருக்கும். இவ்வாறு ஒரு குழந்தை வளர வளர ஓவியமும் உடன் வளர்ந்தது.

அவ்வளர்ச்சி இடையில் நின்றது. 1646-ஆம் ஆண்டு அக்டோபர் 9 அன்று, பதினேழாவது பிறந்தநாளுக்கு எட்டு நாள்களே இருக்கையில், சரகோசா நகரில் நோயுற்று இளவரசர் மறைந்தார். தாயாகிய அரசி இரண்டாண்டுகளுக்கு முன்பே மறைந்திருந்தார். பேரரசுக்கு ஆண் வாரிசு இல்லாமற்போயிற்று.

இளவரசரின் பணியாளராகவும் விளையாட்டுத் தோழராகவும் இருந்த பிரான்சிஸ்கோ லெஸ்கானோவையும் வெலாஸ்கெஸ் தீட்டினார். உடல்வளர்ச்சி குன்றிய இளைஞர் அவர். அக்கால அரண்மனைகளில் இத்தகையோர் பிறர் நகைத்து மகிழ்வதற்கென வைக்கப்பட்டிருந்தனர். அக்கொடுமையை இன்று எண்ணினாலும் மனம் நோகும். வெலாஸ்கெஸின் ஓவியத்தில் நகைப்புக்கு இடமில்லை. பாறையோரம் வெளிச்சத்தில் அமர்ந்து, தலையைச் சற்றே சாய்த்து அவர் நம்மை நோக்குகிறார். அரசகுமாரனின் முகத்திற்கு எவ்வளவு கவனம் செலுத்தப்பட்டதோ அவ்வளவும் இம்முகத்திற்கும் செலுத்தப்பட்டுள்ளது.

ஆயினும் வெலாஸ்கெஸ் தம் காலத்து அறங்களையெல்லாம் கடந்தவர் அல்லர். ஹுவான் டி பரேஹா என்பவர் அவரிடம் அடிமையாக இருந்து பணிசெய்தார். 1650-இல் இரண்டாம் இத்தாலிப் பயணத்தின்போது பரேஹாவின் உருவத்தைத் தீட்டி உரோமில் பலர் காண வைத்தார்; கண்டோர் வியந்தனர். அவ்வாண்டின் இறுதியில் விடுதலைப் பத்திரம் எழுதித் தந்தார். அதுவும் உடனே நடைமுறைக்கு வரவில்லை. மேலும் நான்காண்டு பணிசெய்ய வேண்டும் என்னும் கட்டுப்பாடு இருந்தது. விடுதலை பெற்ற பரேஹா தாமும் ஓவியராகிப் பெயர் பெற்றார். அவர் முகத்தில் அத்தனை பெருமிதத்தைக் கண்டு தீட்டிய கண்களுக்கு, அவர் அடிமையாக இருப்பதன் தீமை அத்தனை ஆண்டுகள் புலப்படாமற் போனது வியப்பிற்குரியதே.

வியன்னாவுக்குச் சென்ற முகம்

ஆண் வாரிசு வேண்டி அரசர் மறுமணம் செய்துகொண்டார். மணமகள், மறைந்த இளவரசருக்கென உறுதிசெய்யப்பட்டிருந்த மரியானா. அரசரின் உடன்பிறந்தாள் மகள். 1649-இல் மணம் நிகழ்ந்தபோது அவருக்கு வயது 14, அரசருக்கு 44. 1651-ஆம் ஆண்டு ஜூலை 12 அன்று முதற்குழந்தை பிறந்தது. அக்குழந்தையே மார்கரீட்டா தெரேசா.

வியன்னாவில் ஆண்ட குடும்பமும் மாட்ரிட்டில் ஆண்ட குடும்பமும் ஒரே ஹாப்ஸ்பர்க் மரபின. மரியானாவின் உடன்பிறந்தார் லியோபோல்டு. தாய்மாமனாகிய அவருக்கே மார்கரீட்டாவை மணமுடிப்பது என்னும் எண்ணம் குழந்தைப் பருவத்திலேயே உருவாயிற்று. அரசுகளின் நட்பும் நிலங்களின் உரிமையும் அம்மணத்தைச் சார்ந்திருந்தன. எனவே சிறுமி எப்படி இருக்கிறாள், நலமாக வளர்கிறாளா என்பது வியன்னா அறிய வேண்டிய அரசியற் செய்தியாயிற்று. அச்செய்தியைத் தாங்கிச் சென்றவை வெலாஸ்கெஸின் ஓவியங்கள்.

முதல் ஓவியத்தில் மார்கரீட்டாவுக்கு ஏறத்தாழ மூன்று வயது. வெள்ளிச்சரிகை மின்னும் இளஞ்சிவப்பு ஆடை. ஒரு கை விசிறியைப் பற்றியிருக்கிறது. மறு கை மேசைமேல் ஊன்றியிருக்கிறது. மேசையில் கண்ணாடிக் குடுவையில் மலர்கள். மலர்களை அருகில் சென்று நோக்கினால் மலர்களைக் காண முடியாது. விரைந்து இட்ட சில வண்ணத் தீற்றல்களே தெரியும். சில அடிகள் பின்வாங்கினால் அத்தீற்றல்கள் இதழாகும், இலையாகும். இத்தாலியில் தீசியன் போன்றோரின் ஓவியங்களை நுணுகிக் கற்றதன் பயன் இது. மலரின் ஒவ்வோர் இதழையும் வரைந்து காட்டுவது அவர் நோக்கமன்று. அறைக்குள் நுழைபவர் கண்ணில் மலர் எவ்வாறு படுமோ அவ்வாறே அதனைப் படச்செய்வது அவர் நோக்கம். ஓவியரைக் கண்ணுள் வினைஞர் என்று நம் பழந்தமிழ் அழைத்தது. காண்போர் கண்ணுக்குள் தொழில் நிகழ்த்துவோர் என்னும் பொருள்தரும் அச்சொல், வெலாஸ்கெஸின் தொழிலுக்கு முற்றும் பொருந்தும்.

குழந்தை நெடுநேரம் அசையாமல் நிற்காது. எனவே உருவ ஓவியர்கள் முகத்தை மட்டும் நேரிற்கண்டு தீட்டி, ஆடையைப் பின்னர் நிறைவு செய்வது வழக்கம். வெலாஸ்கெஸ் தாளில் நிறைய முன்வரைவுகள் செய்துகொண்டதாகத் தெரியவில்லை. கித்தானின் மேலேயே தொடங்கி, கித்தானின் மேலேயே திருத்துவார். அவர் ஓவியங்களை ஊடுகதிர்ப் படமெடுத்து ஆய்ந்தோர், இடம்மாறிய கைகளையும் திருத்திய விளிம்புகளையும் அடியில் கண்டுள்ளனர். மார்கரீட்டாவின் முகத்தில் கருங்கோடு ஒன்றும் இராது. கன்னத்திற்கும் முடிக்கும் இடையே எல்லை எங்கு என்று காட்ட இயலாது. பொன்னிற முடி காற்றோடு கலப்பதுபோல் விளிம்பு கரைந்திருக்கும். உதட்டோரம் சற்றே மங்கலாக விடப்பட்டிருக்கும். அவ்வாறு விட்டமையால்தான் வாய் இப்போதே அசையப்போகிறது என்று தோன்றுகிறது. எல்லாவற்றையும் கூர்மையாக வரைந்துவிட்டால் முகம் பதுமையாகிவிடும். எதை முடிக்காமல் விடுவது என்று அறிந்த கை அவருடையது.

1656-இல் வெண்ணிற ஆடையணிந்த ஐந்து வயது ஓவியம். 1659-இல் நீலநிற ஆடையணிந்த எட்டு வயது ஓவியம். நீல ஆடை இருபுறமும் மேசைபோல் அகன்று விரிந்தது. உள்ளே வளையங்கள் கட்டி விரித்த அத்தகைய பாவாடை அந்நாளைய ஸ்பெயின் அரண்மனை உடை. அதன் நடுவே சிறுமியின் முகம் சிறுத்துத் தோன்றுகிறது. ஆடையின் நீலத்தில் வெள்ளிப் பட்டைகள் தூரிகையின் துள்ளலால் ஒளிர்கின்றன. ஆடை முழுதும் ஒளி, முகத்திலோ களைப்பு. மூன்று வயதில் இருந்த மலர்ச்சி எட்டு வயதில் இல்லை. ஹாப்ஸ்பர்க் குடும்பத்துக்கே உரிய நீண்ட முகவாய் தலைகாட்டத் தொடங்கியுள்ளது. மணமகனுக்கு அனுப்பும் ஓவியத்தில் இதனை மறைத்திருக்கலாம். மறைத்திருந்தால் அரசரும் மகிழ்ந்திருப்பார். வெலாஸ்கெஸ் மறைக்கவில்லை. அரசர் அதற்காக அவரைக் கடிந்ததாகவும் தெரியவில்லை. தம் முகத்திலேயே முதுமை ஏறுவதை ஆண்டுதோறும் அவர் தூரிகை வழியே பார்த்துப் பழகியவர் அவ்வரசர்.

அதே 1659-இல் வியன்னாவுக்கு மற்றோர் ஓவியமும் சென்றது. 1657-இல் பிறந்த ஆண்குழந்தை பெலிப்பே புரோஸ்பெரோவின் உருவம் அது. நோய்வாய்ப்பட்ட குழந்தை. வெண்ணிற மேலாடையின்மேல் சிறுமணியும் கண்ணேறு கழிக்கும் காப்புகளும் தொங்குகின்றன. ஒரு கை சிறு நாற்காலியின் முதுகில் படிந்திருக்கிறது. நாற்காலியில் சிறு நாயொன்று தலைசாய்த்துப் படுத்திருக்கிறது. குழந்தையின் முகம் வெளிறியிருக்கிறது. பேரரசின் நம்பிக்கை முழுவதும் சுமத்தப்பட்ட அவ்வுடல் எத்தனை மெலிந்தது என்பதை ஓவியர் ஒளிக்கவில்லை. நான்கு வயது நிறைவதற்கு முன்பே, 1661-இல், அக்குழந்தை மறைந்தது.

பணிப்பெண்கள்

1656-இல் தீட்டப்பெற்றதே வெலாஸ்கெஸின் தலைசிறந்த படைப்பாகிய லாஸ் மெனினாஸ். பணிப்பெண்கள் என்பது அப்பெயரின் பொருள். 1843-இல் வெளியான பிராடோ அருங்காட்சியகப் பட்டியல்தான் அப்பெயரை வழங்கியது. அதற்கு முன்னர் அரச குடும்பம் என்றே குறிக்கப்பட்டது. 318 சென்டிமீட்டர் உயரமும் 276 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட கித்தான்.

அரண்மனை அறை ஒன்று. நடுவே ஐந்து வயது மார்கரீட்டா. ஒரு பணிப்பெண் மண்டியிட்டுச் சிவந்த சிறு மண்குவளையை நீட்டுகிறாள். மற்றொருத்தி வணங்கிச் சாய்கிறாள். வலப்புறம் மாரிபார்போலா என்னும் குள்ளப் பெண்மணி. பக்கத்தில் நிக்கோலாஸ் என்னும் சிறார், படுத்திருக்கும் பெருநாயின்மேல் காலை வைக்கிறார். இடப்புறம் ஒரு பெருங்கித்தானின் பின்புறம் தெரிகிறது. அதன்முன் தூரிகையும் வண்ணத்தட்டும் ஏந்தி வெலாஸ்கெஸ் தாமே நிற்கிறார். பின்சுவரில் ஒரு கண்ணாடி; அதனுள் அரசரும் அரசியும். அப்பாலுள்ள கதவின் படிகளில் ஒருவர் நின்று திரும்பிப் பார்க்கிறார்.

அக்கித்தானில் வெலாஸ்கெஸ் எதைத் தீட்டுகிறார்? அரச இணையரையா, இளவரசியையா, இக்காட்சியையேயா? அறிஞர்கள் இன்றும் ஒருமுடிவுக்கு வரவில்லை. வரவேண்டிய கட்டாயமும் இல்லை. கண்ணாடியில் அரசர் தெரிகிறார் என்றால், அவர் நின்ற இடம் ஓவியத்துக்கு வெளியே, காண்போர் நிற்கும் பக்கத்தில் இருக்க வேண்டும். காண்பவர் அரசரின் இடத்தில் நின்று அக்குழந்தையைக் காண்கிறார். இது அரசரின் தனிப் பணியறையில் வைக்கப்பட்ட ஓவியம். வியன்னாவுக்கு அனுப்பப்பட்டவற்றில் தனித்து நின்ற சிறுமி, இதில் தன்னோடு விளையாடுவோரும் தன்னைப் பேணுவோரும் சூழ நிற்கிறாள். வெள்ளொளி அவள் தலைமுடியில் இறங்குகிறது. அவள் யாரையோ நோக்கி முகம் திருப்புகிறாள். அவள் நோக்கும் திசையில் இருப்பவர் பெற்றோராகலாம்.

ஓவியத்தில் வெலாஸ்கெஸின் மார்பில் சிவந்த சிலுவை காணப்படுகிறது. சாந்தியாகோ என்னும் உயர்குடி வீரர் அமைப்பின் சின்னம் அது. ஓவியம் முடிந்து மூன்றாண்டுகளுக்குப் பின்னரே அச்சின்னம் அவருக்குக் கிடைத்தது. எனவே பின்னர்ச் சேர்க்கப்பட்டதாதல் வேண்டும். அச்சிலுவையைப் பெற அவர் பட்ட பாடு பெரிது. கையால் தொழில் செய்து பொருளீட்டுபவர் உயர்குடியினர் ஆகார் என்பது அவ்வமைப்பின் விதி. ஓவியமும் கைத்தொழிலே என்று கருதப்பட்டது. 148 பேரிடம் சான்று கேட்டனர். சுர்பரான், அலோன்சோ கானோ ஆகிய ஓவியர்களும் அவருக்காகச் சான்று கூறினர். அவர் ஓவியத்தை விற்றுப் பிழைத்தவர் அல்லர், அரசரின் மகிழ்ச்சிக்காகவே தீட்டினார் என்று நிறுவ வேண்டியிருந்தது. அதன் பின்னும் குடிப்பிறப்பு ஐயுறப்பட்டது. இறுதியில் திருத்தந்தையின் சிறப்பு இசைவு பெற்று, 1659 நவம்பரில் அரசர் அப்பட்டத்தை வழங்கினார். உலகம் போற்றும் தொழிலைச் செய்தவர், அத்தொழிலால் வாழவில்லை என்று காட்டியே மதிப்புப் பெற வேண்டியிருந்தது.

இறுதி நாள்கள்

1652 முதல் அரண்மனையின் தங்குமிடப் பொறுப்பு முழுவதும் வெலாஸ்கெஸிடம் இருந்தது. அறைகளை ஒதுக்குதல், அணிசெய்தல், பயணங்களுக்கு முன்னேற்பாடு செய்தல், கணக்கு எழுதுதல் என அப்பணி ஓயாதது. பதவி உயர்ந்தது; ஓவியம் குறைந்தது. வாழ்நாள் முழுதும் அவர் தீட்டியவற்றுள் ஏறத்தாழ 120 மட்டுமே இன்று எஞ்சியுள்ளன. மெத்தைகளையும் விறகையும் எண்ணிய நேரத்தில் எத்தனை முகங்கள் தீட்டப்படாமற் போயினவோ!

1660-இல் மார்கரீட்டாவின் மூத்த உடன்பிறந்தாள் மரியா தெரேசாவைப் பிரான்சு அரசர் பதினான்காம் லூயிக்கு மணமுடித்துக் கொடுத்தனர். இரு நாட்டு எல்லையில் ஓடும் ஆற்றின் நடுவேயுள்ள ஃபெசன்ட்ஸ் தீவில் இரு அரசர்களும் சந்தித்தனர். அவ்விழாவின் ஏற்பாடுகளில் பெரும்பங்கு வெலாஸ்கெஸின் தோள்மேல் விழுந்தது. களைத்துத் திரும்பியவர் ஜூலை இறுதியில் காய்ச்சலில் படுத்தார். ஆகஸ்டு 6 அன்று மறைந்தார். எட்டாம் நாள் மனைவி ஹுவானாவும் மறைந்தார். அவர்களை அடக்கம் செய்த தேவாலயம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடிக்கப்பட்டது. கல்லறை இருந்த இடத்தை இன்று காட்டுவாரில்லை.

1734-ஆம் ஆண்டு கிறித்துமசு இரவில் மாட்ரிட் அரண்மனை தீப்பற்றி எரிந்தது. நூற்றுக்கணக்கான ஓவியங்கள் சாம்பலாயின. லாஸ் மெனினாஸ் காப்பாற்றப்பட்டது. மார்கரீட்டாவின் இடக் கன்னம் மட்டும் சேதமுற்றுத் திருத்தப்பட்டது. 1865-இல் பிரெஞ்சு ஓவியர் மனே மாட்ரிட் வந்து வெலாஸ்கெஸின் ஓவியங்கள்முன் வியந்து நின்றார். 1957-இல் பிக்காசோ லாஸ் மெனினாஸைத் தம் போக்கில் மீண்டும் மீண்டும் தீட்டி ஒரு பெருந்தொடரே படைத்தார்.

மார்கரீட்டாவின் இறுதி மாட்ரிட் ஓவியத்தைத் தீட்டியவர் வெலாஸ்கெஸின் மருமகன் மாஸோ. 1666-ஆம் ஆண்டினது அது. முந்திய ஆண்டு தந்தை மறைந்தமையால் பதினான்கு வயதுப் பெண் கருந்துயர் ஆடை அணிந்து நிற்கிறாள். அவ்வாண்டே அவள் கடல்கடந்து வியன்னா சென்று தாய்மாமனுக்கு மனைவியானாள். பிறந்த மக்களுள் ஒரு பெண்மகவே பிழைத்தது. 1673-ஆம் ஆண்டு மார்ச்சு 12 அன்று, 21-ஆம் வயதில், மார்கரீட்டா மறைந்தாள். அவளுக்கு முன்னரே அந்நகர் சேர்ந்திருந்த இளஞ்சிவப்பு, வெண்மை, நீல ஆடை ஓவியங்கள் மூன்றும் வியன்னாவின் கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளன.